மூன்று நாள் லோக்கல்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்குப் போகிற வழியில் டுபாயில் மூன்று நாள் இறங்கி நிற்கும் நம்மவர்கள் முன்பெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: தங்கம் எங்கே மலிவு? நேர்மையான கேள்வி. தேய்ராவின் நகைக்கடைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெயிலுக்கு ஒரு பழச்சாறும் வாங்கிக் கொடுத்தால் விருந்தோம்பல் முடிந்தது. பத்து வருடமாகக் கேள்வி மாறிவிட்டது. "டூரிஸ்ட் போகிற இடமெல்லாம் வேண்டாம். லோக்கல் ஆட்கள் போகிற இடம் காட்டுங்கோ. மூன்று நாள் என்றாலும் இங்கத்தை ஆள் மாதிரி இருந்து பார்க்கவேணும்."

கேட்பவர்கள் படித்தவர்கள். இந்த இதழை வாசிக்கிறவர்கள், சிலர் எழுதுகிறவர்களும்கூட. திரும்பிப் போய் எழுதும் பயணக் குறிப்பிலும் இதே பெருமைதான்: நான் புர்ஜ் கலீஃபாவில் ஏறவில்லை, சத்வாவில் ஒரு சந்துக்குள் தேநீர் குடித்தேன், உண்மையான டுபாயைக் கண்டேன். நான் 1998இலிருந்து சார்ஜாவில் குடியிருந்து டுபாயில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இந்தப் பெருமை எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆசை நம்முடைய சொந்தச் சரக்கு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2016இல் ஒரு விளம்பரத்தை உலகமெங்கும் ஓட்டியது. ஓர் ஊருக்குச் சும்மா போய்வராதீர்கள், அங்கே வாழுங்கள் என்பது அதன் சாரம். ஒரே ஓர் இரவு என்றாலும் வாழுங்களாம். ஓர் இரவில் வாழலாம் என்று விற்கத் தெரிந்தவர்களுக்கு அது வியாபாரம். அதை வாங்கிக்கொண்டு வந்து பண்பாடு என்று சொல்கிறோமே, அங்கேதான் எனக்குச் சண்டை.

லிஸ்பனிலோ கியோத்தோவிலோ இந்த ஆசைக்கு ஏதோ ஒரு பொருள் இருக்கலாம். வளைகுடாவில் அந்தச் சொல்லுக்கே ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். சென்னையில் ஒருவனை "லோக்கல்" என்றால் அது கிட்டத்தட்ட வசவு. தரம் குறைந்தவன், தெருச்சண்டைக்காரன். இங்கே அதே சொல் ஏணியின் உச்சிப்படி. லோக்கல் என்றால் அமீரகக் குடியுரிமை உள்ளவர். அரபியில் முவாத்தின். மற்றவர் எல்லாம் வாஃபித், வந்தவர். நாட்டின் சனத்தொகையில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வந்தவர்கள். கட்டாரிலும் கணக்கு அப்படித்தான். ஆகவே "லோக்கல் ஆள் மாதிரி இருந்து பார்க்க வேண்டும்" என்று யூனியனிலிருந்து சார்ஜாவுக்குப் போகும் ஈ303 பஸ்ஸுக்குள் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பெஷாவர்க்காரர், சிட்டகாங்காரர், கடையநல்லூர்க்காரர், கல்முனைக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் பலர் இருபது, முப்பது வருடமாக இங்கே இருப்பவர்கள். அவர்களாலேயே முடியாத ஒன்றை நீங்கள் வெள்ளிக்கிழமை இறங்கி திங்கட்கிழமை விமானம் ஏறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறீர்கள்.

"அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை மாமா, இங்கே வாழ்கிற சாதாரண சனங்கள் மாதிரி" என்றாள் ரொறன்ரோவில் பிறந்த என் மருமகள். சரி, அதையும் பார்ப்போம்.

இங்கே வாழ்கிற சாதாரண சனங்களில் ஒருவன் காலை ஐந்தரைக்கு எழும்புகிறான். ஆறேகாலுக்கு முன் சார்ஜாவை விட்டுக் கிளம்பாவிட்டால் இத்திஹாத் வீதியில் ஒன்றரை மணித்தியாலம் பிரேக் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டுபாய்க்குள் குடியிருக்க வாடகை கட்டுப்படியாகாது என்பதால் இந்த வீதி எங்கள் வாழ்க்கையின் பாதி. பிறகு அலுவலகம். இடையில் ஒரு நாள் டைப்பிங் சென்டர். இந்த நகரத்தின் உண்மையான உள்ளூர் நிறுவனம் எது என்று என்னைக் கேட்டால் டைப்பிங் சென்டரைத்தான் சொல்வேன். சிறிய கடை, குளிரூட்டி முழுவேகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் விரல்கள் அரபியில் ஓடும். விசா புதுப்பிக்க, அடையாள அட்டை புதுப்பிக்க, மனைவியின் விசா, பிள்ளையின் விசா, மருத்துவச் சோதனைக்கு விண்ணப்பம். எங்கள் நாட்காட்டியில் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் முன்னால் வருவது அந்த அட்டையில் அச்சிட்டிருக்கும் முடிவுத் திகதி. வேலை போனால் சில மாதம் அவகாசம், அதற்குள் இன்னொரு வேலை அல்லது விமானம். இங்கே பிறந்த பிள்ளைக்கும் அதுதான் விதி. ஆண் பிள்ளையைத் தகப்பன் தன் விசாவில் வைத்திருக்கக்கூடிய வயது நெடுங்காலம் 18 ஆக இருந்தது. படித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நீளும். 2022 ஒக்டோபரில்தான் அதை 25 ஆக்கினார்கள். அந்த வயது தாண்டினால், தான் பிறந்து வளர்ந்த ஊரில் நிற்பதற்கு அவனுக்கு ஒரு முதலாளி தேவை.

2019இலிருந்து பத்து வருடக் கோல்டன் விசா இருக்கிறது. 2021இல் முதலீட்டாளர், விஞ்ஞானி, மருத்துவர், கலைஞர் என்று சிலரைப் பரிந்துரை மூலம் குடிமக்களாக ஏற்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். விண்ணப்பம் போட்டு வாங்கும் சங்கதி அல்ல அது. எனக்குத் தெரிந்த கணக்காளர், கொத்தனார், கடைக்காரர் எவர் கதவையும் அது தட்டவில்லை. அபுதாபியில் வளர்ந்த தீபக் உண்ணிகிருஷ்ணன் 2017இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்கு ‘டெம்பரரி பீப்பிள்’ என்று பெயர் வைத்தார். தற்காலிக மனிதர்கள். இதைவிடச் சுருக்கமாக எங்களை யாரும் சொல்லவில்லை.

இதில் எதை மூன்று நாளில் அனுபவிக்கப் போகிறீர்கள்? தேநீர் குடிக்கலாம். திகதி முடிகிற பயத்தைக் குடிக்க முடியாது. கனடாக் கடவுச்சீட்டுக்கு விமான நிலையத்திலேயே விசா, கட்டணம் கிடையாது. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே. அதே வரிசையில் இலங்கைக் கடவுச்சீட்டோடு நிற்கும் உங்கள் ஒன்றுவிட்ட தம்பிக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். இந்த ஊர்க்காரனாக இருப்பது என்பது அந்த இரண்டாவது வரிசையில் நிற்பது. நீங்கள் முதலாவது வரிசையில் வந்ததை நான் குறை சொல்லவில்லை. முதலாவது வரிசையில் வந்தவர் இரண்டாவது வரிசையின் சட்டையை மூன்று நாளுக்கு மாட்டிப் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

"பழைய டுபாயைக் காட்டுங்கோ" என்பார்கள் அடுத்ததாக. பழைய டுபாய் என்று எல்லோரும் போய்ப் படம் எடுப்பது ஓடைக்கரையில் உள்ள அல் ஃபஹீதி. பஸ்தகியா என்பது அதன் மற்றப் பெயர். பாரசீகத்தின் பஸ்தக் ஊரிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வணிகர்கள் கட்டிய குடியிருப்பு அது. வெயிலை வெல்ல வீட்டின் மேல் எழுப்பிய காற்றுக் கோபுரமும் அந்தக் கரையிலிருந்து வந்ததுதான். அதாவது "உண்மையான லோக்கல்" என்று நீங்கள் சுவரைத் தடவிப் பார்ப்பது வந்தவர்களின் வீடு. 1980களில் அதன் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். மிச்சத்தைக் காப்பாற்றச் சொல்லிப் பிரசாரம் செய்தவர் அங்கே வாடகைக்கு இருந்த ரெய்னர் ஒட்டர் என்ற பிரித்தானியக் கட்டடக் கலைஞர். 1989இல் வந்த இளவரசர் சார்ல்ஸும் அதற்கு ஆதரவு சொன்னார். ஈரானியர் கட்டி, ஆங்கிலேயர் காப்பாற்றி, இன்று காப்பிக் கடைகளும் ஓவியக்கூடங்களும் இருக்கும் இடம். நல்ல இடம், போகத்தான் வேண்டும். "லோக்கல்" என்ற முத்திரையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

அங்கேயே 1998இலிருந்து ஷேக் முகம்மது பண்பாட்டுப் புரிந்துணர்வு மையம் இயங்குகிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அமீரகத்தார் ஒருவரோடு சாப்பிடலாம். உடையைப் பற்றி, மதத்தைப் பற்றி, திருமணத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், கோபிக்க மாட்டார்கள். எனக்கு அந்த ஏற்பாட்டில் மரியாதை உண்டு. காரணம், அவர்கள் உங்களை லோக்கல் ஆக்குவதாகச் சொல்வதில்லை. நாங்கள் வீட்டுக்காரர், நீங்கள் விருந்தாளி, வாருங்கள், கேளுங்கள், சாப்பிடுங்கள், போய் வாருங்கள். அவ்வளவுதான். நம் கிராமத்து வீட்டிலும் விருந்தாளிக்கு அதுதான் முறை. வந்தவுடன் அடுப்படிக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்ப்பவரை எந்த ஊரிலும் பண்பாட்டு ஆர்வலர் என்று சொல்வதில்லை.

தேநீர் விஷயம் இன்னும் வேடிக்கை. கரக் தேநீர் குடித்தால் லோக்கல் ஆகிவிடலாம் என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கிறார்கள். கரக் என்பது இந்தி, உருதுக்காரர் சொல்லும் ‘கடக்’. சாயம் தூக்கலான தேநீர். அரபியில் ‘ட’ இல்லை, கரக் ஆயிற்று. தேயிலையும் டின்பாலும் ஏலக்காயும் சீனியும் கொதிக்கக் கொதிக்க. போடுகிறவர் அநேகமாக வட கேரளத்துப் பிள்ளை. கடைக்குப் பெயர் கஃபெட்டீரியா. மாலையில் அமீரகத்து இளைஞர் பெரிய காரை வாசலில் நிறுத்துவார், இறங்க மாட்டார். பையன் கிண்ணத்தட்டோடு வெயிலில் ஓடுவான். இப்போது அதைத் தேசிய பானம் போலக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், நல்ல தேநீர்தான். 1966 வரை இந்தக் கரையில் புழங்கிய பணமே ரூபாய். 1959 வரை இந்தியாவின் ரூபாயேதான், அதன்பிறகு இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனியாக அச்சிட்ட ரூபாய். முத்து பம்பாய்க்குப் போனது, அரிசியும் துணியும் மசாலாவும் பம்பாயிலிருந்து வந்தன. அமீரக வீட்டுச் சமையலில் மணப்பது பாதி நம் சரக்கு. ஆகவே ஸ்காபரோவிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் பறந்து வந்து, கோழிக்கோட்டுக்காரர் போட்ட தேநீரை வாங்கிக் கையில் பிடித்து, "அரபுப் பண்பாட்டை ருசித்தேன்" என்று படம் போடும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது. அந்தக் காட்சியில் லோக்கல் யார்? காரில் இருந்தவரா, ஓடிய பையனா? நீங்கள் யாரைப் போல வாழ்ந்து பார்த்தீர்கள்? இறங்காமல் காரில் இருந்தவரைப் போலத்தான்.

இதைவிட மோசமான ஒரு வகை உண்டு. அவர்களுக்குத் தேநீர் போதாது, வியர்வை வேண்டும். "கேம்ப் ஒன்றைப் பார்க்கலாமா?" முஹைஸ்னாவில் இருக்கும் சோனாப்பூருக்குப் போக வேண்டும் என்பார்கள். இந்தியில் அந்தப் பெயருக்குப் பொன்னூர் என்று பொருள். யார் வைத்த கேலியோ. ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். இரும்புக் கட்டில் மாடி மாடியாக. கட்டிலைச் சுற்றித் தொங்கும் சேலைத் துணிதான் ஒருவனுக்கு உள்ள தனிமை. ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் வெட்ட வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்ற மணித்தியாலங்களின் வெயில் அவர்களுடையது. வாரத்தில் கிடைக்கும் ஒரு நாளில் துணி துவைத்து, ஊருக்குப் பேசி, தூங்க வேண்டும். அந்த நாளில் நீங்கள் வந்து படம் எடுக்க வேண்டுமாம். எடுத்தால் அது இலக்கியமாம். அவன் கட்டிலுக்குள் எட்டிப் பார்க்க உங்களுக்குள்ள உரிமை என்ன? தமிழ் பேசுவதா? தமிழ் பேசுகிற ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவனால் முகத்தைத் திருப்ப முடியாது என்பதுதான் இதிலுள்ள அநியாயம்.

அவனுக்கு இங்கே ஒரு பெயர் உண்டு: பேச்சலர். ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும் அவன் பேச்சலர்தான். குடும்பத்தைக் கூட்டிவரச் சம்பளம் போதாதவன் என்பது அதன் அகராதிப் பொருள். கட்டாரில் 2010ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் தொழிலாளர் குடியிருப்பைத் தடை செய்தது. டோஹாவில் சில கடைத்தொகுதிகளில் குடும்ப நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்குத் தனி ஆண்கள் உள்ளே வர முடியாது, அதாவது நடைமுறையில் நம் நிறத்துத் தனி ஆண்கள். இப்போது சொல்லுங்கள், ஊர்க்காரர் மாதிரி என்றால் இவன் மாதிரியா? கடைத்தொகுதி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டுப் பார்க்க ஆசையா?

ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகள்மேல் எனக்கு இந்த விஷயத்தில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம். "நீ உண்மையில் எங்கிருந்து வருகிறாய்?" என்ற கேள்வி எவ்வளவு குத்தும் என்று அவர்கள் கவிதை எழுதியிருக்கிறார்கள். பாரிஸின் லாச்சப்பலில் வழிகாட்டியின் பின்னால் வரிசையாக வரும் கூட்டம், நம் மளிகைக் கடைக்காரரை ஏதோ மிருகக்காட்சி போலப் பார்க்கும்போது முகம் சுளிக்கிறார்கள். ஸ்காபரோவில் கொத்துரொட்டிக் கடைக்கு வரும் வெள்ளைக்காரர் "இதுதானே அசல்?" என்று கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு. அதே பிள்ளைகள் கராமாவில் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்து, "இங்கே லோக்கல் ஆட்கள்தானே சாப்பிடுகிறார்கள்?" என்று நிம்மதிப்படுகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தேவகோட்டைக்காரர். மெஸ்ஸில் அவர் சாப்பிடுவது அது அசல் என்பதற்காக இல்லை, சமைக்க அடுப்படி இல்லாததற்காக.

வளைகுடாவில் லோக்கல் ஆக, உண்மையாகவே, வருடக்கணக்கில், வீட்டுக்குள் வாழ்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்கள் நம் பெண்கள்.

இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் தொடங்கப்பட்டது. தொண்ணூறுகளில் நாட்டைவிட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். மட்டக்களப்பு, மூதூர், கிண்ணியா, காத்தான்குடி, மலையகத் தோட்டங்கள் என்று தமிழ் பேசும் ஊர்களிலிருந்து போனவர்கள் ஏராளம். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் குவைத் அக்கா. 1990 ஓகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது வெறுங்கையோடு திரும்பி வந்தார். போர் முடிந்ததும் மறுபடி போனார். மொத்தம் பதினேழு வருடம் இரண்டு வீடுகளில்.

பயண நூல்கள் குவைத்தின் திவானியாவைப் பற்றி உருகி உருகி எழுதும். ஆண்கள் மாலையில் கூடி அரசியலும் வியாபாரமும் பேசும் வரவேற்பறை. உள்ளூர்க்காரர் அழைத்தால் தவறவிடாதீர்கள் என்பார்கள். குவைத் அக்காவுக்குத் திவானியா தெரியும், கதவின் மற்றப் பக்கத்திலிருந்து. எந்தக் கிழமை எத்தனை பேர் வருவார்கள், யாருக்குச் சீனி கூடாது, எவர் வந்தால் எஜமானர் குரல் தாழும் என்பதெல்லாம் தேநீர்த் தட்டின் எண்ணிக்கையிலிருந்து தெரியும். மச்பூஸ் சமைப்பார், அதோடு தொட்டுக்கொள்ளும் தக்காளித் தக்கூஸும். சோற்றுக்குள் போடும் காய்ந்த எலுமிச்சையை எவ்வளவு குத்தினால் கசக்காது என்று அவருக்குத் தெரியும். நோன்பு மாதத்தின் நடுவில் குழந்தைகள் வீடு வீடாகப் போய்ப் பாடி இனிப்பு வாங்கும் கர்கியானுக்கு இரவிரவாகப் பைகளில் கடலையும் மிட்டாயும் நிரப்பியிருக்கிறார். அவர் வளர்த்த பையன் முதலில் பேசிய சொற்களில் இரண்டு தமிழ். அவர் பேசும் அரபி புத்தக அரபி அல்ல, குவைத் வீட்டுப் பாட்டிகளின் அரபி. பாட்டி யாரைத் திட்டுவாளோ அந்தச் சொற்கள் உட்பட.

இதுதானே நீங்கள் தேடியது? வீட்டுக்குள் இருக்கும் வாழ்க்கை, சமையல், மொழி, குழந்தைகளின் பாட்டு. ஒரு மானிடவியலாளர் இரண்டு வருடம் தங்கியிருந்தாலும் கிடைக்காத அறிவு. அதைக் கொடுத்து வாங்கிய விலை என்னவென்றால், பதினேழு வருடத்தில் தனியாக வெளியே போன நாள்களை அவர் விரலால் எண்ணுகிறார். கடவுச்சீட்டு எஜமானரின் அலுமாரியில். குவைத் கோபுரங்களை அவர் காரின் பின்சீட்டிலிருந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறார். "மேலே ஏறினால் கடல் முழுக்கத் தெரியுமாம் தம்பி. ஒருக்கா ஏறிப் பார்க்க ஆசையாய் இருந்தது" என்று என்னிடம் சொன்னார்.

அவருக்கு இருந்த ஆசை டூரிஸ்ட் ஆக. நாம் கேவலம் என்று ஒதுக்குகிற அந்தச் சீட்டைத்தான் அவர் கேட்டார். கையில் தன் கடவுச்சீட்டு, திரும்பிப் போகப் பயணச்சீட்டு, ஒரு முழு நாள் ஓய்வு, கோபுரத்தில் ஏறப் பணம். சுற்றுலாப் பயணி என்றால் இவ்வளவும் உள்ளவர் என்று பொருள். அவரோடு போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. மூதூரின் ரிசானா நஃபீக் 2005இல் வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்டபோது அவளுக்கு 17. பராமரித்த குழந்தை இறந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டு 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டாள். அவளும் ஓர் உள்ளூர் வீட்டுக்குள் வாழ்ந்தவள்தான்.

"அப்படியென்றால் டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறி, பாலைவனத்தில் ஒட்டகத்தோடு படம் எடுத்து, இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத வயிற்று நடனம் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். வயிற்று நடனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் டூரிஸ்ட் இடம் என்று நீங்கள் மூக்கைச் சுளிக்கும் இடங்களுக்கு யார் போகிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பெருநாள் விடுமுறை மாலையில் புர்ஜ் கலீஃபாவின் கீழே நீரூற்றைச் சுற்றி நிற்கும் கூட்டம் யார்? சலவை செய்து மடிப்புக் கலையாத சட்டை போட்ட பேச்சலர்கள். கட்டணம் இல்லாத காட்சி. அந்த 828 மீற்றரில் ஏதோ ஒரு மாடிக்குக் கம்பி கட்டியவனும் அதில் இருக்கலாம். மனைவிக்கு வீடியோவில் கோபுரத்தைக் காட்டிக்கொண்டிருப்பான். ஜுமேராக் கடற்கரை, குளோபல் வில்லேஜ், ஒரு திர்ஹத்துக்கு ஓடை தாண்டும் அப்ரா, எல்லா இடத்திலும் அவன்தான். லோக்கல் குடும்பங்களும் குளிர்காலத்தில் அதே குளோபல் வில்லேஜில்தான் நிற்கும். இந்த ஊர்க்காரர் எல்லோரும் ஆசையோடு போகும் இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு "ஊர்க்காரர் மாதிரி" இருந்ததாகச் சொல்கிறோம். இது ருசி அல்ல, வர்க்கம். பளபளப்பு பார்த்துச் சலித்தவரின் வர்க்கம்.

என் மருமகளைக் கூட்டிக்கொண்டு போக நான் ஆசைப்பட்ட இடம் அந்த நீரூற்றுத்தான். அடுத்ததாக, நான் பதினொரு வருடம் வேலை பார்த்த கட்டடம். ஏழாம் மாடி யன்னலைக் கீழே நின்று காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவளிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது: பாத்திரம் கழுவாத மாதிரித் தெரியும் கடைகள் ஏழு. மூன்று நாளும் அந்தப் பட்டியலை முடித்தோம். விமான நிலையத்தில் "டுபாயை உள்ளிருந்து பார்த்த மாதிரி இருக்கு மாமா" என்று கட்டிப்பிடித்துச் சொன்னாள். நல்ல பிள்ளை. மாமா எந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தார் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

புலம்பெயர் இலக்கியம் என்று நாம் அடுக்கி வைத்திருக்கும் அலுமாரியிலும் இதே நிலைதான். பாரிஸ் இருக்கிறது, ரொறன்ரோ இருக்கிறது, ஒஸ்லோ இருக்கிறது. வளைகுடா வெறும் இடைத்தரிப்பு. நாகூர்க்காரரான ஆபிதீன் இங்கே வேலை பார்த்துக்கொண்டே எழுதிய கதைகளைப் புலம்பெயர் எழுத்து என்று எத்தனை கருத்தரங்கில் பேசினோம்? மலையாளத்தில் பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ 2008இல் வந்தது. சவூதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விடப்பட்டவனின் கதையைக் கேரளம் தன் கதையாக எடுத்துக்கொண்டது. நம்மில் எத்தனை பேருடைய தகப்பனோ பெரியப்பாவோ கனடாவுக்குப் போவதற்கு முன் எண்பதுகளில் றியாத்திலும் தமாமிலும் வேலை செய்தார்கள்! அந்தப் பணத்தில்தான் ஏஜென்சிக்குக் கட்டினார்கள், அந்தப் பணத்தில்தான் நீங்கள் அங்கே பிறந்தீர்கள். அவரிடம் அந்த நான்கு வருடத்தைப் பற்றி என்ன கேட்டிருக்கிறீர்கள்? டுபாய்ச் சந்தில் தேநீர் விற்பவனிடம் அவன் வாழ்க்கையை விசாரிக்கும் முன் அவரைக் கேட்கலாம். அவர் நிறையச் சொல்லாமல் இருக்கவும் கூடும். அது அவர் உரிமை.

எனவே வாருங்கள், விருந்தாளியாக. கோபுரத்தில் ஏறுங்கள். உறவினர் வீட்டில் ஒரு நேரம் சாப்பிடுங்கள், எங்கே கூட்டிக்கொண்டு போக விருப்பம் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் உங்களைப் பூ இதயத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தால் நின்று சிரியுங்கள். சத்வாவிலும் தேநீர் குடியுங்கள், பையனுக்கு ஐந்து திர்ஹம் கூடக் கொடுங்கள், படம் வேண்டாம்.

இன்னும் ஒன்று. குவைத் அக்கா இப்போது மட்டக்களப்பில் இருக்கிறார், முழங்கால் வலி. மச்பூஸுக்குக் காய்ந்த எலுமிச்சை அங்கே கிடைப்பதில்லை என்று போன மாதமும் தொலைபேசியில் குறைப்பட்டார். தேய்ராவின் மசாலாச் சந்தையில் சாக்கில் வைத்து விற்கிறார்கள். கறுப்பு நிறத்தில் உள்ளதை எடுங்கள், அரைக் கிலோ போதும். ஊருக்குப் போகிறவர்கள் எனக்கு எழுதினால் அவர் வீட்டுக்கு வழி சொல்கிறேன்.